மொட்டை டயர்

காசு கொடுத்து மொட்டை டயர் வாங்கும் ஆளை டீச்சர் அதுவரை பார்த்ததில்லை. கடைசியில் பார்த்தபோது அந்த ஆள் அவருடைய புருஷனாகவே இருந்தார்.

“ஊர் உலகத்துல டயர் மொட்டையானா மாத்துவாங்க. நீங்க என்னடான்னா நல்ல டயரைக் கழட்டி பால்கனியில வச்சிட்டு மொட்டையை மாட்டறீங்க!”

“மொட்டை இல்ல டீச்சர். செமி-ஸ்லிக்,” என்றார் லிஃப்ட்காரர், ஏதோ பட்டம் வாங்கியவர் போல.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மெக்கானிக். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். குடியிருப்பில் எல்லோரும் டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. செமி-ஸ்லிக் என்பது பந்தய டயருக்கும் சாதா டயருக்கும் நடுவில் பிறந்த பிள்ளை. தண்ணீரை வெளியே தள்ளுகிற பள்ளங்கள் அதில் பேருக்கு மூன்று நாலு ஓடும், மற்றபடி வழவழவென்று இருக்கும். ரப்பர் மிருது. சூடேறிவிட்டால் காய்ந்த தார் ரோட்டைப் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும். மழை பெய்தால் கதையே வேறு. இதையெல்லாம் டயர் கடையில் வேலை பார்க்கும் டீச்சரின் தம்பிதான் சொல்லி விற்றான். பிடிமானத்தைப் பற்றிச் சத்தமாகவும் மழையைப் பற்றி மெதுவாகவும் சொன்னான். விற்கிறவன் வாய் அப்படித்தான்.

“பழைய வீல் நாலையும் கூடவே எடுத்துட்டுப் போங்க மாமா. அங்க போய் இதை மாட்டிக்கங்க, வரும்போது பழசை மாட்டிக்கிட்டு வாங்க,” என்றும் சொல்லத்தான் செய்தான். ஆனால் வண்டி சின்னது, இரண்டே கதவு. டீச்சர் சாய்ந்துகொள்ள மடக்கு நாற்காலி, தலையணை, போர்வை, மருந்துப் பை எல்லாம் ஏற்றிய பிறகு வீலுக்கு இடம் இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

டீச்சருக்கு இரண்டு கிட்னியும் போய் நாலு வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இறந்துபோன யாராவது ஒருவருடைய கிட்னி கிடைக்கும் என்று ஆஸ்பத்திரி வரிசையில் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. போன் எப்போதும் கையில் இருக்க வேண்டும். கூப்பிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் வந்து சேர்கிற தூரத்தில் இருக்க வேண்டும். வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் நாலு வருஷமாக இருவரும் ஒரு கல்யாணம் காட்சிக்குக்கூட வெளியூர் போனதில்லை.

‘டிராக் டே’வுக்கு அவர் பேரைக் கொடுத்ததே டீச்சர்தான். கார் பந்தயம் நடக்கும் இடத்தை என்றாவது ஒரு நாள் பொதுஜனத்துக்குத் திறந்துவிடுவார்கள். அவரவர் வண்டியை அவரவர் ஆசை தீர ஓட்டிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தப் பழைய காரைக் கழட்டி மாட்டிக் கொஞ்சுகிற மனிதருக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று டீச்சருக்குத் தெரியும்.

“எனக்காக நீங்களும் நாலு வருஷமா கட்டிப் போட்ட மாடா இருக்கீங்க. ஒரு நாள் அவுத்து விடறேன், ஓடுங்க,” என்றார். டிராக் இரண்டு மணி நேரத் தூரம். கணக்கு டீச்சர் கணக்கில் தப்பு வருமா? ஒரு மணி நேரம் உபரியாகவே இருந்தது.

டிராக்கில் புது ஆட்களுக்குச் சொல்லித்தர ஒரு கோச் இருந்தார். ஒல்லியான மனிதர், வெயிலில் வெந்த முகம். லிஃப்ட்காரரின் டயரைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

“முதல் நாளே இதுவா சார்? சாதா டயர் நல்லது. நீங்க தப்புப் பண்ணா அது கத்தும், கீச்சுன்னு சொல்லிக் காட்டும். இது கத்தாது. கடைசி வரைக்கும் பிடிச்சுட்டே இருக்கும், அப்புறம் சொல்லாம விட்டுடும்.”

லிஃப்ட்காரர் பணிவாகத் தலையாட்டினார். காதில் ஒன்றும் ஏறவில்லை. முதல் சுற்றில் டயர் குளிர்ந்து கிடந்ததால் வண்டி கொஞ்சம் வழுக்கியது. மூன்றாவது சுற்றில் சூடேறியது. அப்புறம் நடந்ததை அவருக்குச் சொல்லத் தெரியாது. வளைவில் மிதித்தால் வண்டி போகிறது, இன்னும் மிதித்தால் இன்னும் போகிறது, தரையை விடவே மாட்டேன் என்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோச் இறங்கிக்கொண்டு தனியாக அனுப்பியபோது ஹெல்மெட்டுக்குள் அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. மணி ஒன்று.

ஆஸ்பத்திரியில் கிட்னி வரிசையைக் கவனிக்கும் கோ-ஆர்டினேட்டர் அம்மா பேசினார். பொருந்துகிற கிட்னி ஒன்று வந்திருக்கிறது. நாலு மணிக்குள் வந்துவிட வேண்டும். “அதுக்கு மேல வச்சிருக்க முடியாதும்மா. ரெண்டாவது ஆளையும் கூப்பிட்டு உக்கார வச்சிருக்கோம்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. ஆனால் புருஷன் வண்டியில் வட்டம் அடித்துக்கொண்டிருக்கிறார், போன் டீச்சர் கையில். டீச்சர் ஓடிப்போய்க் கோச்சிடம் சொன்னார். கோச் கொடி பிடிப்பவரிடம் கத்தினார். கறுப்புக் கொடி காட்டினால் உடனே உள்ளே வர வேண்டும் என்று காலையில் வகுப்பு எடுத்திருந்தார்கள். லிஃப்ட்காரர் கொடியைப் பார்த்தார், யாரோ ஒருவன் மாட்டிக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனார். அடுத்த சுற்றிலும் போனார். மூன்றாவது சுற்றில், கம்பி வேலிக்குப் பின்னால் ஒரு பெண் போர்வையைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு குதிப்பதைப் பார்த்தார். நாலு வருஷமாக மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிற தன் மனைவி குதிப்பதைப் பார்த்த பிறகுதான் அவர் கால் பிரேக்குக்குப் போனது.

விஷயத்தைக் கேட்டதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அழுதார். அப்புறம் சாமான்களை அப்படியே போட்டுவிட்டு, “ஏறு டீச்சர்” என்றார்.

கோச் வழியை மறித்தார். மேற்கே கையை நீட்டினார். மலைக்குப் பின்னால் வானம் கருநீலமாக இருந்தது.

“சார், என் கார் அங்க நிக்குது. பழசுதான், மெதுவாத்தான் போகும். ஆனா நல்ல சாதா டயர். இந்தாங்க சாவி. உங்க வண்டி இங்கேயே கிடக்கட்டும்.”

கோச்சின் கார் கூரையில் பெயின்ட் உரிந்து, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. லிஃப்ட்காரர் அதைப் பார்த்தார். தன் வண்டியைப் பார்த்தார், டயரில் இன்னும் சூடு அலையடித்தது.

“ஏங்க, அதையே எடுத்துக்கலாமே,” என்றார் டீச்சர்.

“அந்தத் தகர டப்பாவுலயா? அது போய்ச் சேர்றதுக்குள்ள விடிஞ்சிடும். என் வண்டி இன்னிக்குப் பறக்குது டீச்சர். மழை வர்றதுக்குள்ள நாம ஊர்ல இருப்போம்.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இது ஆத்திரம்கூட இல்லை, சந்தோஷம். சந்தோஷத்தில் இருப்பவனுக்கு அதைவிட மட்டு. லிஃப்டில் ஒரு கயிறு அறுந்தால் தாங்குவதற்கு இன்னும் நாலைந்து கயிறு இருக்கும், அது இல்லாமல் ஒரு மனிதரைக்கூட ஏற்றக்கூடாது என்று தினமும் சண்டை போடுகிற மனிதர், கையில் வந்த அடுத்த கயிற்றைத் தள்ளிவிட்டுப் போனார்.

முதல் முக்கால் மணி நேரம் அவர் சொன்னபடியே பறந்தார்கள். டீச்சர் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, வராது வராது என்று நினைத்த ஒன்றைப் பற்றி மெல்லப் பேச ஆரம்பித்தார். தண்ணீர் குடிப்பதைப் பற்றி. டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர்கூட அளந்துதான். வயிறு நிறைய, அளக்காமல், ஒரு சொம்புத் தண்ணீர். “அண்ணாந்து கடகடன்னு குடிக்கணுங்க,” என்றார். லிஃப்ட்காரர் சிரித்தார், கண் கலங்கியது.

அப்போது கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்தது. இரண்டு எண்ணுவதற்குள் வானம் பொத்துக்கொண்டது.

அவர் வேகத்தைக் குறைத்தார். போதாது. லாரிகள் ஓடி ஓடிப் பள்ளமாகிப் போன தடத்தில் தண்ணீர் நின்றிருந்தது. வண்டி அதில் ஏறியதும் ஸ்டீயரிங் கையில் காற்றாகிவிட்டது, எதையும் பிடித்திருப்பதாகவே தெரியவில்லை. கோச் சொன்னது போலவே டயர் ஒரு முனகல்கூட இல்லாமல் விட்டுவிட்டது. ரோடு, மரம், வானம் என்று எல்லாம் பக்கவாட்டில் ஓடின. வண்டி சுழன்று, ஓரத்து மண்ணில் ஏறி, வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர்கள் முன்னால் வந்த ஒரு லாரி ஹாரனை அமுக்கியபடியே விலகிப் போனது.

“அடிபட்டுச்சா? டீச்சர்! அடிபட்டுச்சா?”

“இல்ல. திருப்புங்க. போலாம்.”

அதற்குப் பிறகு அவர் கால் ஆக்ஸிலரேட்டரில் தங்க மறுத்தது. கொஞ்சம் மிதித்தால் வண்டியின் பின்பக்கம் ஆடியது. முப்பதுக்கு மேல் முள் ஏறவில்லை. பஸ் முந்திப் போனது. கோழி ஏற்றிய வேன் முந்திப் போனது. பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு மொபெட்டில் வந்த ஒரு பெரியவர் முந்திக்கொண்டு போகும்போது, இவ்வளவு அழகான வண்டிக்கு என்ன நோயோ என்பது போல் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். வேகமாகப் போவதற்காகவே செய்த டயர், அந்த ரோட்டிலேயே அவரைக் கடைசி ஆளாக்கி வைத்திருந்தது.

மைத்துனனுக்குப் போன் போட்டார். “வீல் நாலையும் தூக்கிட்டு எதிர்ல வாடா!” என்றார். அவன் அழுகிற குரலில், தான் கிளம்பி வருவதற்குள் மணி நாலைத் தாண்டிவிடும் என்றான். ஆம்புலன்ஸுக்குக் கேட்டார்கள், அந்தப் பக்கம் ஒன்றும் பக்கத்தில் இல்லை. டாக்ஸி தேடினார்கள், போன் திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோனது. கோ-ஆர்டினேட்டர் அம்மா கூப்பிட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். “வந்துட்டே இருக்கோம்மா,” என்றார் டீச்சர்.

“அந்த மனுஷன் சாவியைக் கையில குடுத்தாரே,” என்றார் லிஃப்ட்காரர். “கையில குடுத்தாரே டீச்சர்!”

“இப்ப ரோட்டைப் பாருங்க.”

கொஞ்ச நேரம் டீச்சர் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். கணக்குப் போடுகிறார் என்று அவருக்குத் தெரிந்தது. இருக்கிற தூரம், போகிற வேகம், மிச்ச நேரம். மார்க் குறைந்த பிள்ளையிடம் விடைத்தாளை நீட்டுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: “இப்படியே போனா ஆறு மணி ஆயிடுங்க. நிறுத்துங்க. யாராவது வண்டியில கேட்போம்.”

நிறுத்தினார். டீச்சர் இறங்கிக் கையை நீட்டினார். லிஃப்ட்காரர் நடுரோட்டுக்கே போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். அந்த மழையில் எவன் நிறுத்துவான்? டிராக்கில் மாட்டிய பந்தய உடுப்போடு ஒருவன் நின்றால் பைத்தியம் என்று நினைத்து இன்னும் வேகமாகத்தான் போவான். அவர் ஒவ்வொரு வண்டிக்கும் கும்பிட்டார். திட்டினார். கடைசியில் ஒரு வண்டி ஓரம் கட்டியது. நீளமான வெள்ளை வண்டி, பக்கத்தில் ‘அமரர் ஊர்தி’ என்று எழுதியிருந்தது. பிணத்தை அதன் சொந்த ஊரில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி.

விஷயத்தைக் கேட்ட டிரைவர் கதவைத் திறந்தார். “ஏறுங்க, ஏறுங்க. இந்த வண்டியில வேகமாப் போகச் சொல்லி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“நான் முன்னாடியே உக்காந்துக்கறேன் அண்ணே,” என்றார் டீச்சர். “பின்னாடி அப்புறம் பாத்துக்கலாம்.”

அந்த நிலைமையிலும் டிரைவர் சிரித்துவிட்டார். லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வண்டியைச் சாவியோடு ரோட்டோரம் விட்டுவிட்டு ஏறினார். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. எவனாவது எடுத்துக்கொண்டு போனால் புண்ணியம்.

அமரர் ஊர்தி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அதன் டயரில் விரல் விடுகிற அளவுக்குப் பள்ளம் இருந்திருக்க வேண்டும். நடுவில் டீச்சர், ஓரத்தில் லிஃப்ட்காரர். இரண்டாவது ஆள் என்று ஒருவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறாரே என்று அவருக்குத் தோன்றியது. அந்த ஆளுக்குக் காய்ச்சல் வரட்டும், ரத்தம் பொருந்தாமல் போகட்டும் என்று வேண்டினார். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் வேண்டினார்.

ஊருக்குள் நுழையும்போது இன்னும் நேரம் இருந்தது. ஆனால் ரயில் பாலத்துக்குக் கீழே தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்று, இந்தப் பக்கம் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. டிரைவர் ஹாரன் அடித்தார், இறங்கிப் போய்க் கெஞ்சினார், பிணவண்டிக்கு வழி விடாமல் யாரும் இருப்பதில்லைதான், ஆனால் விடுவதற்கு இடம் வேண்டுமே. போன் மூன்று தடவை அடித்தது. மூன்று தடவையும் டீச்சர் ஒரே பதிலைச் சொன்னார். நாலாவது தடவை அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. டீச்சரால் படி ஏற முடியாது. பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் லிஃப்ட் சீக்கிரம் வராது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர், அந்தப் பட்டனைக் கட்டைவிரல் வலிக்க வலிக்க அமுக்கினார்.

மேலே கோ-ஆர்டினேட்டர் அம்மா வராந்தாவிலேயே நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் டீச்சர் ஓடுவதை நிறுத்திவிட்டார்.

“நாலே கால் வரைக்கும் டாக்டர் கையைப் பிடிச்சு நிறுத்தி வச்சேம்மா. அதுக்கு மேல கிட்னி கெட்டுடும்னுட்டாங்க. இப்பத்தான் ரெண்டாவது ஆளை உள்ள கூட்டிட்டுப் போனாங்க.” அவர் டீச்சரின் தோளைத் தொட்டார். “உங்க பேரு வரிசையில அப்படியேதான் இருக்கும். இன்னிக்குத்தான்…”

“பரவாயில்லம்மா,” என்றார் டீச்சர்.

பரவாயில்லையாம்! கைக்கு எட்டியதைத் தட்டிவிட்டது யார் கை? லிஃப்ட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தன்னை ஒரு அறை அறைய மாட்டாளா, நாலு பேர் பார்க்க ஏசமாட்டாளா என்று இருந்தது. டீச்சர் அவர் கையைப் பிடித்து, பக்கத்தில் இருந்த கூடத்தில் நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார். இருவர் உடுப்பிலிருந்தும் தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது.

கூடத்தில் இன்னும் ஒரே ஒரு அம்மாதான் இருந்தார். மடியில் ஒரு ஆண்பிள்ளையின் சட்டை, கைக்கடிகாரம், செருப்பு, எல்லாவற்றையும் பையில் போட மனமில்லாமல் அணைத்துக்கொண்டிருந்தார். அழுது முடித்த முகம், ஆனால் துக்கம் இல்லை. இவர்கள் நனைந்திருப்பதைப் பார்த்துத் தன் துண்டை எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

“தலையைத் துவட்டும்மா. உங்களுக்கு யாரு உள்ள?”

“யாரும் இல்லம்மா. எனக்குத்தான். நானும் கிட்னிக்கு வரிசையில இருக்கேன்.”

“அப்படியா!” அந்த அம்மா நெருங்கி வந்து உட்கார்ந்தார். சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது அவருக்கு. “எம் பையனுக்கு இன்னிக்குக் கிடைச்சிடுச்சும்மா. நாங்க ரெண்டாவது ஆளுதான். எப்பவும் சும்மா கூப்பிட்டு உக்கார வைப்பாங்க, முதல் ஆளு வந்துடுவாங்க, நாங்க வீட்டுக்குப் போயிடுவோம். இன்னிக்கு அவங்க வந்து சேரல.” குரல் தாழ்ந்தது. “எந்த மழையில எங்க மாட்டிக்கிட்டாங்களோ, பாவம். யாரா இருந்தாலும் அவங்க நல்லா இருக்கணும்.”

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். டீச்சர் அவர் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். வாய் திறந்தது திறந்தபடியே இருக்க, அதிலிருந்து சொல்லுக்குப் பதிலாக அழுகை வந்தது. அடக்க முடியவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை போலத் தேம்பினார்.

“ஐயோ, அழாதீங்க தம்பி,” என்று அந்த அம்மா எழுந்து வந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். “மனசை விட்டுடாதீங்க. எங்களுக்கு இன்னிக்கு ஒருத்தர் வராம போனாங்கல்ல? அது மாதிரி உங்களுக்கும் ஒரு நாள் யாராவது வராம போவாங்க.”

டீச்சர் ஈரத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “பையன் என்ன படிக்கிறான்?” என்று கேட்டார்.